புகைச் சான்று கொடுத்தார்கள், எரிகிற விளக்கைப் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகைச் சான்று இல்லாத வண்டிகளுக்கு அபராதம் என்று உங்கள் கடலூர் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது 10,000 ரூபாய் வரை போகலாம். போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் ஒரு புகைச் சான்று இருக்கிறது. அதை வாங்கிய அன்று என் காரின் டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சான்று கொடுத்தவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த விளக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான். முப்பத்தொரு வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தியவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

வண்டி 2017 கடைசியில் வாங்கிய பெட்ரோல் கார். புகை விதிகளில் பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) 4 வகை. நான்தான் ஓட்டுகிறேன், வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது, குறை சொல்லத் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அது போனபிறகு சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணை பெருகி, குண்டுசாலைப் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் தெருவில் கார் அரைச் சக்கரத் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. வடிந்ததும் துடைத்துக் காயவைத்து எடுத்தோம். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அந்த விளக்கு எரிந்தது. வண்டி ஓடுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. பெட்ரோல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. விலை குறைவு என்று எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் போல நானும் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போய்த்தான் டேங்கை நிரப்புவேன். அந்த நோட்டில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று இருந்தது 13 ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்: "எல்லாம் எத்தனால்தான்." பெட்ரோலில் எத்தனால் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் புயலுக்கு முன்னாலும் அதே பங்கில் அதே பெட்ரோல்தானே போட்டேன்?

முதலில் பார்த்த மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினார். "லைட் அணைஞ்சிடுச்சு பாருங்கம்மா" என்றார். அணைந்திருந்தது. நாலாவது நாள் திரும்ப எரிந்தது. இரண்டாமவர் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் போலப் பேசினார். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். சென்சாருக்கு 5,800, கூலி 700. மாற்றினோம். சரியாக ஐந்து நாள் நிம்மதி. மறுபடியும் மஞ்சள்.

இந்த லட்சணத்தில்தான் புகைச் சான்று முடியும் தேதி வந்தது. விளக்கு எரிகிறதே, தேறாது என்று நினைத்துக்கொண்டே போனேன். தம்பி ஒருவர் குழாயை சைலன்சரில் நாலு விரல் அளவுக்குச் சொருகினார் (ஒரு அடி உள்ளே போக வேண்டும்), நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார், தாளை நீட்டினார். கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்தான். தேறிவிட்டது. ஒரு வருடத்துக்குக் கவலையில்லை.

எப்படித் தேறியது என்பது பிறகுதான் புரிந்தது. புரிய வைத்தவன் என்னிடம் படித்த பையன். இப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியன், முதுநகர் போகும் வழியில் கடை. வேதியியலில் ஜஸ்ட் பாஸ். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினான். பி 0135 என்று கோளாறுக் குறியீடு வந்தது; கடைகளில் 'கோடு' (code) என்பார்கள். இரண்டு ஆக்சிஜன் சென்சார்களில் முன்னால் இருப்பதைச் சூடேற்றும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தமாம். "சென்சார் கெட்டுப்போச்சுன்னு இது சொல்லலை டீச்சர். ஹீட்டருக்கு கரண்ட் போகலைன்னுதான் சொல்லுது. ஒயரா, ஃபியூஸா, சென்சாரான்னு நாமதான் தேடணும்."

வண்டிக்கு அடியில் போய் அந்த ஒயர் சேருகிற கப்ளரைக் கழற்றி என்னிடம் காட்டினான். நாலு பின். அதில் இரண்டு பச்சை பூத்துக் கிடந்தன. செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் வருமே, அதே பச்சை. வெள்ளத் தண்ணீர் கப்ளருக்குள் இறங்கியிருக்கிறது, மிச்சத்தை நம் உப்புக்காற்று பார்த்துக்கொண்டது. இரண்டாம் மெக்கானிக் புது சென்சாரை இந்தப் பச்சைக் கப்ளரிலேயே சொருகி, துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயையும் அடித்துவிட்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்ததும் பையன் தலையில் அடித்துக்கொண்டான். "இதுல ஆயில் அடிக்கவே கூடாது டீச்சர். சென்சார் மூச்சு விடுறதே இந்த ஒயர் வழியாத்தான்."

அந்த வார்த்தையில்தான் எனக்குள் தூங்கிய டீச்சர் எழுந்தாள். மூச்சா? ஏன்?

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், முப்பத்தொரு வருடமாகக் கரும்பலகையில் எழுதியது என் காரில் திருகப்பட்டிருக்கிறது. செறிவு வித்தியாசத்திலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு! ஆக்சிஜன் சென்சார் என்பது ஒரு சின்ன மின்கலம். விரல் நுனி அளவுக்கு சிர்க்கோனியா பீங்கான், அதன் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகை, உள்பக்கம் வெளிக்காற்று. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், புகையில் சொற்பம். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஆக்சிஜன் அயனிகள் அந்தப் பீங்கான் வழியாக நகரும், மின்னழுத்தம் பிறக்கும். கலவையில் பெட்ரோல் அதிகமானால் 0.8, 0.9 வோல்ட். காற்று அதிகமானால் 0.1. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவை இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு செங்குத்துச் சரிவில் இருக்கிறது. என்ஜின் கம்ப்யூட்டர் அந்த வோல்ட்டைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், ஓயாமல். நெர்ன்ஸ்ட் 1897-இலேயே சிர்க்கோனியாவையும் இட்ரியாவையும் கலந்து விளக்கு செய்தவர். அதே கலவைதான் போஷ் நிறுவனம் செய்த சென்சாராக 1976-இல் வால்வோ காரில் ஏறியது. இது தெரிந்திருந்தால் பின்பெஞ்சுப் பிள்ளைகள் எத்தனை பேரை எழுப்பி உட்கார வைத்திருப்பேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும் அல்லவா? அது ஒயரின் இழைகளுக்கு இடையே நுழைந்துதான் சென்சாருக்குள் போகிறது. அதனால்தான் கப்ளரில் எண்ணெய், கிரீஸ் கூடாது. ஒயர் அறுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் கூடாது, உலோகக் குப்பியில் நசுக்கி இணைக்கும் கிரிம்ப்தான் செய்ய வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார் இருக்கிறது. அது கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்பாளர். முன்னது துள்ள வேண்டும், பின்னது கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பின்னதும் சேர்ந்து துள்ளினால் கன்வர்ட்டர் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பி 0420 என்று வரும். நம் கடைகளில் உடனே பின் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். ஓலை கொண்டுவந்தவனை அடித்த கதைதான்.

இனி என் வண்டி எப்படித் தேறியது என்று சொல்கிறேன். ஹீட்டர் எதற்கு? காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது சென்சாரைச் சீக்கிரம் சூடேற்ற. அது இல்லாவிட்டால் புகையின் சூட்டிலேயே சென்சார் மெதுவாக விழிக்கும். அதுவரை கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றும். என் ஓட்டமெல்லாம் மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட், திரும்ப வீடு. இரண்டு மூன்று கிலோமீட்டர். சென்சார் கண் திறப்பதற்குள் வீடு வந்துவிடும். அதனால் மைலேஜ் போனது. புகைச் சான்றுக்கோ அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். எல்லாம் சூடு, கன்வர்ட்டரும் சூடு. மெஷின் பொய் சொல்லவில்லை. நான் தினமும் காலையில் தெருவில் விடும் புகையை அது பார்க்கவில்லை, அவ்வளவுதான். விளக்கு மட்டும் ஒரு மாதமாக அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பையன் கப்ளரின் இரண்டு பின்னை மாற்றி, பிசுக்கை எடுத்து, ரப்பர் சீல் புதிதாகப் போட்டான். 350 ரூபாய். டீச்சரிடம் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான், மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மைலேஜ் மறு டேங்கிலேயே பழையபடி 16-க்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் இன்னும் எத்தனாலை மன்னிக்கவில்லை.

அவன் கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துகொண்டதில் நம் ஊருக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஊரில் சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஊசித்துளை விழும். அந்தத் துளை சென்சாருக்கு முன்னால் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, காற்று அதிகம் என்று சென்சாரை ஏமாற்றும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோல் ஊற்றும். வெல்டிங் கடையில் தீர வேண்டியதற்குப் புது சென்சார் வாங்குகிறார்கள். என்ஜினில் எதையாவது ஒட்ட சாதாரண சிலிகான் பேஸ்ட் போட்டால் அதன் ஆவி சென்சார் நுனியில் வெள்ளையாகப் படிந்து அதைக் கொன்றுவிடும். சென்சாருக்குக் கெடுதல் இல்லை என்று டியூபில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். என்ஜின் ஆயில் குடிக்கிற வண்டியில், கூலன்ட் ஒழுகுகிற வண்டியில் எத்தனை சென்சார் மாற்றினாலும் நிற்காது. சுடச்சுட இருக்கும் சைலன்சரோடு வெள்ளத்தில் இறங்கினால் பீங்கான் விரிசல் விடலாம். அப்புறம், நுனியைப் பெட்ரோலில் கழுவுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, இரண்டும் வேண்டாம்.

இது கார்க்காரர்களின் சங்கதி என்று ஸ்கூட்டர்காரர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு விற்ற இரு சக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இதே சென்சாரும் இதே மஞ்சள் விளக்கும் இருக்கின்றன.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புகைச் சான்று கொடுக்கும்போது சாவியை ஒரு முறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆன் ஆகும்போது அந்த விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ பிடுங்கியிருக்கலாம். அப்படியும் செய்கிறார்கள், பையன் சொன்னான். பத்து விநாடி வேலை. எரிகிறதா என்பதைச் சான்றில் ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும், வண்டிக்காரருக்குத் தெரிந்துவிடும். மெக்கானிக் கடைகளும் சென்சாரை மாற்றுவதற்கு முன் என்ன கோடு வந்தது என்பதை பில்லில் எழுதித் தரட்டும். கடலூர் அரசு ஐ.டி.ஐ. மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் ஸ்கேனரோடு உட்கார்ந்து இலவசமாகக் கோடு பார்த்துச் சொன்னால் அவர்களுக்கும் பாடம், நமக்கும் காசு மிச்சம். சிப்காட் நாற்றத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற ஊர் இது; பேச வேண்டியதுதான், நானும் பேசுகிறேன். நம் வீட்டு வாசலில் நிற்கிற சைலன்சரும் அதே காற்றில்தான் விடுகிறது.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய சென்சாரை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பையன் அதைக் குறட்டில் பிடித்து, நுனியை கேஸ் டார்ச் தீயில் காட்டி, சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தான். அரை நிமிடத்தில் முள் போல ஏறி 0.8 வோல்ட் காட்டியது. தீயை விலக்கியதும் இறங்கியது. ஹீட்டர் இழையையும் அளந்து பார்த்தான், அறுந்திருக்கவில்லை. சென்சார் கெடவே இல்லை. 6,500 ரூபாய் கொடுத்துக் கழற்றிப் போட்டது நல்ல சென்சார். இப்போது அது என் அலமாரியில் உங்கள் நாளிதழிலேயே சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. மாவட்டத்தில் எந்தப் பள்ளியிலாவது மின்வேதியியல் நடத்தும் ஆசிரியர் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். டார்ச்சும் மல்டிமீட்டரும் அவர்கள்தான் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.