எட்டு இடம்

பிடோக், சிங்கப்பூர், 12 மே 2015

பாப்பாவுக்கு,

சாப்பிட்டாயா? வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில்தான் வரவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் பிரிட்டன் தேர்தல் வேலையில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தேன். இப்போது தேர்தலும் முடிந்துவிட்டது. சரி, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே டிவியைப் போட்டேன், உங்களுக்கு அப்போது வியாழன் இரவு பத்து. நீ வேலை செய்த லிபரல் டெமாக்ராட் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் பத்து இடம்தான் என்று கணிப்பு வந்தது, நான் நம்பவில்லை. கடைசியில் எட்டு. 57 இடம் வைத்திருந்த கட்சி! நீ வீடு வீடாக நோட்டீஸ் போட்ட கிங்ஸ்டனில் எட் டேவி, பக்கத்து ட்விக்கனமில் வின்ஸ் கேபிள், அமைச்சர்களாக இருந்த இருவருமே போய்விட்டார்கள். காமன்வெல்த் நாட்டுப் பிள்ளை என்பதால் அங்கே ஓட்டுப் போடுகிறாள், அதோடு நிற்காமல் மழையில் நடந்து பிரசாரமும் செய்கிறாள் என்று கோப்பிக்கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் நனைந்த ஷூவோடு சுற்றாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டாயா?

நடுவில் நிற்கிற கட்சி பெரிய கட்சியோடு கூட்டணி வைத்தால் இரண்டு பக்கமும் அடி. வருமான வரி விலக்கு வரம்பை உயர்த்தியது இவர்கள் யோசனை, பெயர் வாங்கியது கூட்டணியின் பெரிய கட்சியான பிரதமர் கேமரனின் கன்சர்வேட்டிவ் கட்சி. இவர்களை நம்பியிருந்த இடதுசாரி ஓட்டு எதிர்க்கட்சியான லேபருக்குப் போனது, லேபர் வந்தால் ஸ்காட்லாந்துக் கட்சி ஆட்டிவைக்கும் என்று பயமுறுத்தியதில் மீதியும் கேமரன் பக்கம் கரைந்தது. 2010-ல் 23 சதவீதம், இப்போது 8 சதவீதம்கூட இல்லை.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது கல்விக் கட்டணம்தான். உயர்த்தினால் எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, துணைப் பிரதமரானதும் அதை 9,000 பவுண்டு வரை உயர்த்த இவர்கள் தலைவராக இருந்த நிக் கிளெக் சம்மதித்தாரே. 2012-ல் மன்னிப்பும் கேட்டார், அதுவும் அப்படியொரு வாக்குக் கொடுத்தது தப்பு என்றுதான் கேட்டார், மீறியதற்கு இல்லை. படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்த வாக்கு பாப்பா அது, அதை எப்படி மறப்பார்கள்?

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் படிப்புக்குப் போட்டுவைத்த பணத்தில் ஒரு காசு தொடமாட்டேன் என்று 2009-ல் உன்னிடம் நானும்தானே சொன்னேன். அடுத்த மாதமே எடுத்து உன் சித்தப்பாவின் தேக்கா கடையில் போட்டேன். நிலைமை அப்படி என்றேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினாய். அந்தக் கடை என்ன ஆனது என்று உனக்கே தெரியும். வாக்குக் கொடுத்ததில் தப்பில்லை, மீறினேன் பார், அதுதான் தப்பு. ஆறு வருடமாக அதை என் வாயால் சொல்லவில்லை. மன்னித்துவிடு பாப்பா.

வங்கிக் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று எழுது. அதை மட்டுமாவது எழுது. ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கூப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா