பெரியம்மாவின் போனும் உன் அப்பாவின் போனும்

மதுரை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி, மகள் வீடு மாறியது என்று தாமதத்துக்கு இரண்டு காரணங்கள் தயாராக வைத்திருக்கிறேன்; இரண்டும் பொய். நீ விடுதி மெஸ் கணக்கு எழுதிய காலத்திலேயே நான் பாக்கி வைத்துத்தான் கட்டுவேன். இன்று வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிடுகிறேன்.

அப்பாவுக்கும் உனக்கும் போனால் வருகிற சண்டையைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். "அறுபது பேர் நெரிசலில் சில்லறை பிசகாமல் கொடுத்த மனிதருக்கு ஒரு பட்டனை அமுக்கத் தெரியவில்லையே" என்று எழுதியிருந்தாய். திருவில்லிபுத்தூர்ப் பெரியம்மாவைப் பற்றி நானும் வீட்டில் இதே பாட்டைத்தான் போன வருடம் வரை பாடிக்கொண்டிருந்தேன். அதனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உன் அப்பா கண்டக்டராக இருந்த பஸ்ஸில் விடுமுறைக்கு ஏறியிருக்கிறோமே, நினைவிருக்கிறதா? இடது கையில் டிக்கெட் கட்டுகள் விலைவாரியாக அடுக்கியிருக்கும். அவர் அவற்றைக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. கண் ஏறுகிற ஆளின் முகத்தில் இருக்கும். கட்டைவிரல் தானாகப் போய் உரிய சீட்டைக் கிழித்துவிடும். ஒரு ராத்திரியில் டிப்போவில் யாரோ அந்த அடுக்கை மாற்றி, சீட்டின் நிறத்தையும் மாற்றி வைத்திருந்தால் மறுநாள் முதல் டிரிப்பில் அவர் என்ன பாடுபட்டிருப்பார்? போனில் அப்டேட் வந்த மறுநாள் அவருக்கு நடப்பது அதுதான். அவருக்கு மறதி ஒன்றும் வந்துவிடவில்லை. அடுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு நீயும் நானும் ஞாயிற்றுக்கிழமை தோறும் "கொஞ்சம் கொடுங்கள்" என்று போனைப் பிடுங்கி, நமக்கு வசதியாக இன்னொரு தடவை அடுக்கிவிட்டுப் போகிறோம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பாவின் போன் மணி அடிப்பதே இல்லை என்றாயே, பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். பெரியவர்கள் போனைத் தவறிவிடாதபடி இறுக்கிப் பிடிப்பார்கள். பக்கவாட்டுப் பொத்தான் அமுங்கி மணிச்சத்தம் அடங்கிவிடும். அல்லது மேலிருந்து திரையை இழுக்கும்போது 'டூ நாட் டிஸ்டர்ப்' மீது விரல் பட்டிருக்கும். திரையின் உச்சியில் வட்டத்துக்குள் சிறு கோடு தெரிகிறதா என்று பார். அதுவும் இல்லையென்றால், அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிடு. சில மோசடிக்காரர்கள் ஏதோ ஒரு எண்ணை அமுக்கச் சொல்லி அதைச் செய்துவிடுகிறார்கள்.

போனில் மணிக்கு ஒரு சத்தம், வீடியோவுக்கு ஒரு சத்தம், அலாரத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருப்பதைப் பெரியம்மாவுக்கு விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. "ரேடியோவுக்கு ஒரு திருகுதானே ராசா இருந்தது, இதற்கு மட்டும் எதற்கு நாலு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இதுவரை கிடைக்கவும் இல்லை.

விரல் விஷயம் இதைவிட முக்கியம். நாம் ஐகானைத் தொட்டுவிட்டு விரலை எடுக்கிறோம். அவர்கள் அமுக்குகிறார்கள், காலிங் பெல்லையும் டார்ச் லைட்டையும் அமுக்கிப் பழகிய விரல் அது. விரல் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. ஐகான் இடம் மாறுகிறது, சில சமயம் காணாமலும் போகிறது. "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று உன் அப்பா சொல்வது அவரைப் பொறுத்தவரை சத்தியம். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குள் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்று ஒன்று இருக்கும். அதைக் கூட்டி வை. முகப்புத் திரையில் ஐகான்கள் இடம் மாறாதபடி பூட்டி வைக்கிற வசதி பல போன்களில் உண்டு, அதையும் போட்டுவிடு. திரையின் ஓரத்தைத் தள்ளினால் பின்னால் போவது என்கிற புது முறையை எடுத்துவிட்டு, கீழே மூன்று பொத்தான் தெரிகிற பழைய முறைக்கு மாற்று. கண்ணுக்குத் தெரியாத பொத்தானை அவர் எப்படி அமுக்குவார்? இந்த மூன்றையும் செய்த பிறகு, பெரியம்மாவிடமிருந்து எனக்கு வருகிற புகார் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

எழுத்தைப் பெரிதாக்கும்போது கடைசி அளவுக்குப் போய்விடாதே. நான் போனேன். பணம் அனுப்புகிற செயலியில் அடுத்து அமுக்க வேண்டிய பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது.

மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். பெரியம்மா தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவள். 'அமைப்புகள்' என்பதைப் பார்த்துவிட்டு, "இது எந்த அமைப்பு, மாதர் சங்கமா?" என்று கேட்டாள். அதுகூடப் பரவாயில்லை. வெளிநாட்டிலிருந்து பேரன் அழைத்து "செட்டிங்ஸுக்குப் போங்க பாட்டி" என்கிறான். இவள் திரையில் அப்படி ஒரு சொல்லே இல்லை. இரண்டு பேரும் இரண்டு போனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே தூரத்திலிருந்து யார் வழி சொல்கிறார்களோ, அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான் திரையில் இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்துக்கே திருப்பிவிட்டேன். தமிழில் பேசினால் எழுத்தாகிற மைக்கை மட்டும் விட்டுவைத்தேன். ஊறுகாய் பக்குவத்தை அதில் பேசிப் பேசியே என் மனைவிக்கு ஒன்றரைப் பக்கம் அனுப்பியிருக்கிறாள். முற்றுப்புள்ளி கிடையாது, உப்பு மட்டும் சரியாக இருந்தது.

இனி, வீட்டில்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

போன வருடம் பெரியம்மாவின் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் காவல்துறை பெயரில் வீடியோ அழைப்பு வந்தது. உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது, நீங்கள் 'டிஜிட்டல் அரெஸ்டில்' இருக்கிறீர்கள், கதவைத் திறக்கக் கூடாது என்று மிரட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் அதைச் சொல்லி எச்சரித்தார். பயத்தில் இருக்கிறவருக்கு வானொலியா நினைவுக்கு வரும்? நல்லவேளையாகப் பால்காரர் கதவைத் தட்டியதில் அவர் தப்பித்தார். இதைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அடுத்த ஞாயிறே போய், பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தொடர்புப் பட்டியலில் உள்ளவர்கள் அழைத்தால் மட்டும் மணி அடிக்கும்படி செய்துவிட்டேன். தெரியாத எண்ணிலிருந்து தவறிய அழைப்பு இருந்தால் திருப்பிக் கூப்பிடவே கூடாது என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். பெரிய காவல் வேலை செய்துவிட்ட நிம்மதியில் அன்று பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

ராஜபாளையத்தில் பெரியம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். பத்து வயதில் ஒன்றாகப் பாவாடை கட்டிப் பள்ளிக்குப் போனவர்கள். அந்த அம்மாள் இறந்த அன்று, மகன் தன் எண்ணிலிருந்து நாலு தடவை அழைத்திருக்கிறார். அந்த எண் பட்டியலில் இல்லை. மணி அடிக்கவில்லை. சாயங்காலம் தவறிய அழைப்புகளைப் பார்த்தவள், நான் சொன்னபடி திருப்பிக் கூப்பிடாமல் இருந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொல்ல யாரோ நேரில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் போயிருக்கலாம். முகம் பார்த்திருக்கலாம்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். காபியைக் கொடுத்துவிட்டு, "வாசலுக்குப் பூட்டுப் போட்டாயே ராசா, போட்டதைச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு அவள் போனை நான் கையில் வாங்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொள்கிறேன். அவளே அமுக்குகிறாள், அவளே தப்பாகப் போகிறாள், அவளே திரும்பி வருகிறாள். எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது, கடிக்கிறேன். கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் என் சொற்கள் ஒன்றுகூட இல்லை. வாட்ஸ்அப் அவளுக்குப் 'பச்சைப் பெட்டி', செட்டிங்ஸ் 'சக்கரம்'. "சக்கரம், கீழே போ, மணி, முதல் கோட்டை வலதுபக்கம் தள்ளு" என்று எழுதி வைத்திருக்கிறாள். இப்போது பேரனும் சக்கரம் என்றுதான் சொல்கிறான். வாட்ஸ்அப்பில் பாதுகாப்புக்காக நாமே வைத்த ஆறு இலக்க ரகசிய எண்ணைச் செயலி திடீரென்று கேட்கும். உன் அப்பா பயந்துபோவார், அது வழக்கமாகக் கேட்பதுதான் என்று முன்பே சொல்லி வை.

மோசடிக்கு மணியை அடைப்பதை விட்டுவிட்டு நாலு விஷயம் மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் அவளையே எழுத வைத்தேன். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் (PIN) தேவையில்லை. கேட்டால் அது திருட்டு. கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு (போனில் செயலியை ஏற்றிவிடுகிற கோப்பு) வந்தால் திறக்கக் கூடாது. போலீஸ் வீடியோவில் கைது செய்யாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்குப் பேச வேண்டும். கடைசி வரியில் 'வெட்கப்படாமல்' என்பதன் கீழே அவளே இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. பெரியப்பா அஞ்சல் துறையில் இருந்ததால் அவளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நவம்பர் தோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 2014இல் கைரேகையை வைத்து மின்னணுச் சான்று தருகிற ஜீவன் பிரமாண் வந்தபோது வங்கிக்கு அலைவது குறையும் என்றார்கள். ஆனால் தேய்ந்துபோன ரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. எழுபது வருடம் பாத்திரம் துலக்கிய கை ஆயிற்றே. 2021இல் முகத்தைக் காட்டிச் சான்று தருகிற முறை வந்தது. இந்த நவம்பரில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஆதார் முகச் செயலியையும் ஜீவன் பிரமாணையும் அவளே திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். கண்ணை இமைக்கச் சொன்னது. "இமைத்தால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று நம்புமா?" என்று கேட்டுக்கொண்டே இமைத்தாள். மூன்றாவது தடவையில் முடிந்துவிட்டது. அடுத்த தெருவில் இருவருக்கு இவளே போய்ச் செய்து கொடுத்திருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உன் அப்பாவுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடு. கண்டக்டர் கையெழுத்து, வரிசை பிசகாது. சந்தேகம் வந்தால் உன்னைக் கேட்பதைவிட அவர் பெரியம்மாவைக் கேட்கட்டும்; அவளுக்கு உன்னையும் என்னையும்விடப் பொறுமை அதிகம். அவள் எண்ணை இந்தக் கடிதத்தோடு தனிச்சீட்டில் வைத்திருக்கிறேன். அப்பாவின் எண்ணை எனக்கு முன்கூட்டி அனுப்ப வேண்டாம். இப்போது எந்த எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் அங்கே மணி அடிக்கிறது.

என்றும் பாக்கிக்காரன்,
உன் பழைய அறைத்தோழன்.