கப்பல் நிறையச் சிலுவைத் துண்டுகளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புனிதர்களின் உடல் எச்சங்களையும் அவர்களோடு தொடர்புடைய பொருள்களையும் போற்றும் கத்தோலிக்கரின் திருப்பண்ட வணக்கத்தைப் பற்றி அண்மையில் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். இயேசு அறையப்பட்ட திருச்சிலுவையின் துண்டுகள் என உலகெங்கும் காட்டப்படுபவற்றையெல்லாம் சேர்த்தால் ஒரு கப்பலே நிறைந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இந்த ஏளனம் அவருடையது அல்ல. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் 1543இல் எழுதியது, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகச் சரிபார்க்கப்படாமலேயே கைமாறி வருகிறது. ஆனால் அதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரான ரோஓ த ஃப்ளூரி, தமக்குத் தெரியவந்த துண்டுகளின் அளவுகளைத் திரட்டி 1870இல் வெளியிட்டார். ஓர் ஆளைத் தாங்கும் சிலுவைக்கு ஏறத்தாழ 178 லிட்டர் கன அளவுள்ள மரம் வேண்டும் என்று மதிப்பிட்ட அவருக்குக் கிடைத்த துண்டுகளின் மொத்த அளவு 4 லிட்டரைக்கூட எட்டவில்லை. கப்பல் இருக்கட்டும், தண்ணீர்க் குடம் ஒன்றுகூட அதனால் நிறையாது. அவர் அறியாத துண்டுகள் பத்து மடங்கு இருந்திருந்தாலும் ஒரு சிலுவையின் கால் பங்குக்கு மேல் வராது. ஒவ்வொரு துண்டும் உண்மையானது என்பதற்கு இது சான்றாகாதுதான். ஆனால் கட்டுரையாளரின் வாதம் நிற்பதற்கு இடமில்லை என்பதற்கு இதுவே போதும்.

போலிகள் இருந்தன என்பதை மறுக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. அவற்றை முதலில் கண்டித்தவர்கள் திருச்சபையின் ஆசான்களே. மறைச்சாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர்நீத்தவர்களின், எலும்புகள் என்று சொல்லி ஊர் ஊராக விற்றுத் திரிந்த துறவிகளைப் புனித அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாடினார். 1215இல் கூடிய ஆயர்களின் பேரவையான நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் திருப்பண்டங்களை விற்பனைக்கு வைப்பதைத் தடைசெய்தது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம், ஆயர் ஆராய்ந்து ஒப்புதல் தராமல் புதிய திருப்பண்டம் எதையும் ஏற்கக் கூடாது என்று விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் பிரிவும் விற்பனையை முற்றாக விலக்குகிறது. இணையத்தில் ஏலம் விடப்படும் சிறு பேழைகளைச் சுட்டிக்காட்டித் திருச்சபை வணிகம் செய்கிறது என்று எழுதுபவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். 2017இல் வத்திக்கானின் துறையான புனிதர் பட்டப் பணிகளுக்கான பேராயம் வெளியிட்ட வழிகாட்டுதலோ, அதிகாரம் பெற்றவரின் சான்றிதழ் இல்லாத திருப்பண்டத்தைப் பொதுவணக்கத்திற்கு வைக்கக் கூடாது என்கிறது.

அறிவியல் ஆய்வுக்குத் திருச்சபை அஞ்சுகிறது என்ற குற்றச்சாட்டும் உண்மைக்குப் புறம்பானது. இயேசுவின் உடலைச் சுற்றியது எனப் போற்றப்படும், தூரின் நகரின் திருத்துணியிலிருந்து மாதிரிகளை 1988இல் மூன்று ஆய்வகங்களுக்குக் கொடுத்தது திருச்சபைதான். அவை 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலத்தைக் குறித்தபோது அந்த முடிவை அறிவித்தவர் அந்நகரின் கர்தினாலே. அம்முடிவைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. திருச்சபை தன் அதிகாரத்தால் அதை முடித்துவைக்கவும் இல்லை. இத்தாலியின் பதுவா நகரில் நற்செய்தியாளர் லூக்காவுடையது எனப் போற்றப்படும் கல்லறை 1998இல் ஆயரின் முயற்சியால் திறக்கப்பட்டது. உடலில் தலை இல்லை. பிராகு நகரின் பேராலயத்தில் பல நூற்றாண்டுகளாக லூக்காவுடையதாகப் பேணப்பட்ட மண்டையோட்டைக் கொண்டுவந்து பார்த்தபோது, அது அந்தக் கழுத்தெலும்போடு பொருந்தியது. 2001இல் வெளியான மரபணு ஆய்வு, அந்த உடல் சிரியப் பகுதியைச் சேர்ந்த ஒருவருடையதாக இருக்க வாய்ப்புண்டு என்றது. லூக்கா சிரியாவின் அந்தியோக்கியாவைச் சேர்ந்தவர் என்பது பழைய மரபு. அது லூக்காவேதான் என்று எந்த ஆய்வகமும் உறுதி கூற முடியாது. ஆயினும், திருப்பண்டங்கள் யாவும் இடைக்காலப் புனைவு என்று ஒரே வரியில் ஒதுக்குபவர் இதற்கு என்ன விளக்கம் தருவார்?

நாங்கள் எலும்பை ஆராதிக்கிறோம் என்பது மற்றொரு குற்றச்சாட்டு. ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது என்பதை 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கமே தெளிவாக்கிவிட்டது. இறைவாக்கினர் எலிசாவின் எலும்புகள் மீது பட்ட பிணம் உயிர்பெற்று எழுந்தது என்று விவிலியத்தின் அரசர்கள் இரண்டாம் நூலும், பவுலின் உடலில் பட்ட துணிகளால் நோயாளிகள் நலமடைந்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூலும் கூறுகின்றன. இரண்டிலும் செயலாற்றியவர் கடவுளே.

இறுதியாக, கட்டுரையாளர் கேலி செய்திருக்கும் புனித சவேரியாரின் உடல் பற்றி ஒன்று. கோவாவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் முன் வைக்கப்படும் அந்த உடல் வற்றிச் சுருங்கியிருப்பது பார்ப்பவர் அனைவருக்கும் தெரிவதுதான். அதை யாரும் மறைக்கவில்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, அரைகுறைத் தமிழில் மன்றாட்டுகளைக் கற்றுக்கொடுத்து, ஊர் ஊராக நடந்தே சென்ற ஒருவரின் கால்களுக்கு முன்னால் நின்று நன்றி சொல்லத்தான் எங்கள் கடற்கரை மக்கள் அங்கே செல்கிறார்கள். அவருடைய உடல் அழிந்ததா, அழியவில்லையா என்பதற்கும் அந்த நன்றிக்கும் தொடர்பில்லை.

சிலுவைத் துண்டுகளைப் பற்றிய கூற்றுக்கு மட்டுமேனும் தங்கள் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி.