செயலாளர் ஆண்டறிக்கை: மேகா காட்டிய பாதை

மதிப்புக்குரிய தலைவர், போஷகர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. வங்காலையிலும் தாழ்வுபாட்டிலும் சிரமதானம் நடைபெற்றது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நாம் அதிகம் பேசிய விடயத்துக்கு நேரே வருகிறேன்.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் வலசைப் பறவைகளுக்கு ஜீ.பி.எஸ். கருவி பூட்டி வருவதை அறிவீர்கள். அவற்றுள் மேகா எனப் பெயரிடப்பட்ட ஹியூக்ளின் கடற்காகம், ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை போய் மன்னாருக்கே திரும்பியது. போகவர ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். பேசாலைக் கரையில் கருவாட்டுக்கு வட்டமிடும் பறவைக்கு இவ்வளவு பெரிய ஊர் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்?

பாடசாலை வகுப்புகளில் பிள்ளைகள் கேட்ட முதற்கேள்வி, "பறவைக்குப் பாரமாக இராதா?" என்பதே. நல்ல கேள்வி. கருவி பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. ஒரு கிலோ பறவைக்கு 30 கிராம். சிறகசைவைத் தடுக்காதபடி மெல்லிய பட்டியால் முதுகில் கட்டுவார்கள். மேற்புறத் தகடு வெயிலில் மின்னேற்றிக்கொள்ளும். இலக்கமிட்ட கால் வளையம் மட்டும் இட்டால், அப்பறவை மீண்டும் யார் கண்ணிலாவது பட்டால்தான் செய்தி கிடைக்கும். கருவியோ இரவில் எங்கே தங்கியது, எந்த வழியாகக் கடலைக் கடந்தது என்பதையும் சொல்லிவிடும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் இருக்கிறோம். வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அருகே மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று மின்சாரத்துக்கு இச்சங்கம் எதிரியன்று. ஆனால் பறவைகள் எந்த உயரத்தில், எந்த மாதத்தில், எந்தத் தீடைக்கு (மணல்திட்டுக்கு) மேலாகப் பறக்கின்றன என்பதைப் பாராமல் இன்னுமொரு கோபுரம் எழுப்புவதை நாம் ஏற்கமுடியாது. அளந்து அறியக்கூடிய ஒன்றை ஊகத்துக்கு விடுவது அநியாயம்.

கடற்றொழிலாளர் அங்கத்தவர்களின் உதவியை இங்கே பதிவுசெய்யவேண்டும். வலையில் சிக்கிய வளையமிட்ட பறவையொன்றை, நூலைக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து விடுவித்து, வளைய இலக்கத்தையும் படமெடுத்துத் தந்தார் ஒருவர். அந்த வலையின் பெறுமதி சிறிதன்று.

வலை சேதமடைவோருக்குச் சங்க நிதியிலிருந்து ஒரு தொகை வழங்கவும், புதிய காற்றாலைக்கு முன்னர் பறவைத் தடத் தரவுகளைப் பொதுமக்கள் முன் வைக்குமாறு பிரதேச செயலகத்துக்கு எழுதவும் இரு பிரேரணைகளைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.