கரையில் கண்டெடுத்த புதைபடிவமும் அது கிடந்த இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரையில் நடந்து சென்ற ஒருவர் கண்டெடுத்த விசித்திரமான கல் என்று நாளிதழ்களில் அவ்வப்போது படம் வெளியாகிறது. படத்துக்குக் கீழே 'டைனோசர் முட்டையா?' என்றோ, 'பல கோடி ஆண்டு பழமையான எலும்பா?' என்றோ ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கல் எந்தக் கரையில் கிடந்தது, அதற்கு மேலே இருந்த பாறைச்சரிவு எப்படிப்பட்டது, கல்லின் நீளம் எவ்வளவு என்ற விவரங்கள் மட்டும் இருக்கமாட்டா. புதைபடிவங்களை இனங்காண்பதில் ஈடுபாடு கொண்ட வாசகர் என்ற முறையில் இதைப் பற்றிச் சில செய்திகளை எழுத விரும்புகிறேன். கிடந்த இடம் தெரியாத புதைபடிவத்தைப் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் அடையாளம் காண முடியும் என்பதே என் கருத்து.

புதைபடிவங்கள் மிகுந்த கடற்கரைகளில் கடல் செங்குத்துப் பாறைகளை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாறைகளின் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு காலம் உண்டு; அந்தக் காலத்துக்கு உரிய உயிரினங்களும் உண்டு. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் லைம் ரீஜிஸ், சார்மவுத் கரைகளில் வெளிப்பட்டிருக்கும் களிப்பாறைகளும் சுண்ணாம்புப் பாறைகளும் சுமார் 19 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடித்தளம் என்பதால், அங்கே கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட கடலுயிரிகளான அம்மோனைட்டுகளும் கடல்வாழ் ஊர்வனவான இக்தியோசார்களின் எலும்புகளும் கிடைக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள கால்வர்ட் பாறைக்கரையோ 1 முதல் 2 கோடி ஆண்டுப் பழமை மட்டுமே கொண்டது. அங்கே சுறாப் பற்களும் திமிங்கில எலும்புகளும் உதிர்கின்றன, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே டைனோசர்களோடு சேர்ந்து அற்றுப்போன அம்மோனைட்டை அந்த அடுக்குகளில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே கரையின் பெயர் தெரிந்துவிட்டால், கல்லைக் கையில் எடுப்பதற்கு முன்பே பொருந்தாத விடைகளில் பெரும்பாலானவை கழிந்துவிடுகின்றன. இதிலும் கவனம் தேவைதான். அலையோட்டம் கற்களை நெடுந்தூரம் இழுத்துச் செல்லும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் வேறெங்கோ இருந்த குவாரியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். அதனால்தான் 'கரையில் கிடைத்தது' என்று சொன்னால் போதாது. தளர்ந்து கிடந்ததா, சரிந்து விழுந்த பாறைக்குள் பதிந்திருந்ததா என்பதையும் சொல்ல வேண்டும்.

இடத்தின் மதிப்பை மேரி ஆனிங் அளவுக்கு உணர்ந்தவர்கள் அவர் காலத்தில் மிகக் குறைவு. லைம் ரீஜிஸில் 1799-இல் பிறந்து, முறையான உயர்கல்வி எதுவும் பெறாமல், குளிர்காலச் சரிவுகளுக்கு அடியில் புதைபடிவங்களைத் தேடியெடுத்து விற்று வாழ்ந்த பெண்மணி அவர். 1823-இல், நீண்ட கழுத்துடைய கடல்வாழ் ஊர்வனவான பிளீசியோசாரின் முழுமையான எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர் என்று அவரை நினைவுகூர்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. அந்தக் கரையில் 'பெசோவார்' என்று அழைக்கப்பட்ட உருண்டைக் கற்கள் ஏராளமாகக் கிடந்தன. தனியாகக் கிடந்தபோது அவை என்னவென்று எவருக்கும் விளங்கவில்லை. அதே கற்கள் இக்தியோசார் எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் இருப்பதையும், உடைத்தால் உள்ளே மீன் செதில்களும் முட்களும் தென்படுவதையும் மேரி ஆனிங் கவனித்தார். அவை கல்லாகிப்போன கழிவு என்பதை நிலவியலாளர் வில்லியம் பக்லண்ட் 1829-இல் அறிஞர்களிடம் எடுத்துரைத்தார். கல் மாறவில்லை, அது எங்கே இருந்தது என்பதை ஒருவர் பார்த்ததால் அதன் பொருள் துலங்கியது.

கல்லை உற்றுப் பார்ப்பது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டுக்கடாவின் கொம்பு போல் சுருண்டிருப்பதெல்லாம் அம்மோனைட் ஆகிவிடாது. கல்லாகிய நத்தையும் சுருளாகத்தான் இருக்கும். அம்மோனைட்டின் உட்புறம் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். வெளி ஓடு தேய்ந்துபோன இடத்தில் அந்தத் தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட வரிகள் நெளிந்தும் கிளைத்தும் தெரியும். இன்றும் கடலில் வாழும் சுருள் ஓட்டு உயிரியான நாட்டிலஸின் இனத்தில் அதே வரிகள் எளிய வளைவுகளாக இருக்கும். நத்தைக்கு அத்தகைய அறைகளே இல்லை. பெலம்னைட் என்பது கணவாயின் தூரத்து உறவினம் ஒன்றின் உடலுக்குள் இருந்த, ஒருமுனை கூர்ந்த உருளை. அதை முழுதாகப் பார்த்தால் வழவழப்பான கல் என்றே தோன்றும். குறுக்கே முறிந்த துண்டை ஈரத்தோடு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகங்கள் நாற்புறமும் விரிந்திருப்பதும், அவற்றைக் குறுக்கிட்டு வளர்ச்சி வளையங்கள் ஓடுவதும் தெளிவாகத் தெரியும். எலும்புக்கும் முறிவுமுகமே சாட்சி. வெளிப்புறம் கெட்டியாகவும் உட்புறம் சிறு துளைகள் நிறைந்தும் இருந்தால் எலும்பாக இருக்க வாய்ப்பு உண்டு; உள்ளும் புறமும் ஒரே சீராக இருந்தால் அது எலும்பு வடிவில் தேய்ந்த வெறும் கல்லாகவே இருக்கும். நிறத்தை நம்பவே கூடாது. சுறாப்பல் கருத்திருப்பது அது புதைந்திருந்த படிவிலிருந்து ஏறிய கனிமங்களால்தானே தவிர, கருமையை வைத்து வயதைக் கணக்கிட முடியாது.

நாளிதழ்களை மிகுதியும் ஏமாற்றுபவை முட்டை வடிவக் கற்கள். சேற்றுக்குள் ஏதாவது ஒரு சிறு துணுக்கைச் சுற்றிக் கனிமங்கள் இறுகித் திரண்டால் இயல்பாகவே உருண்டையான கல் உருவாகிவிடும். அதில் வெடிப்பு விழுந்து, வெடிப்புகளில் கால்சைட் நிறைந்தால் ஆமை ஓட்டின் கட்டங்கள் போன்ற தோற்றமும் வந்துவிடும். உண்மையான முட்டைக்கு ஓடு என்ற தனிப்படலம் இருக்க வேண்டும். உருப்பெருக்கியில் பார்த்தால் அதில் நுண்துளைகள் இருக்க வேண்டும். பாறைப் பிளவில் பெரணி இலை பதிந்திருப்பது போன்ற கருங்கோலங்கள் பல, மாங்கனீசு ஆக்சைடு படர்ந்ததால் வந்தவை. அவற்றில் நடுநரம்பைக் காணமுடியாது. கல்லில் காணும் வட்டத் துளைகள் இன்றும் உயிரோடிருக்கும் பாறை துளைக்கும் சிப்பிகளின் வேலையாகவே பெரும்பாலும் இருக்கும்.

தேடியவர் இடத்தைக் குறித்து வைத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அண்மைக் காலச் சான்று ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் சாமர்செட் கரையில், லில்ஸ்டாக்கில் 2016-இல் ஒருவர் பெரிய தாடை எலும்புத் துண்டுகளைக் கண்டெடுத்தார். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள புளூ ஆங்கர் கரையில், 2020-இல் 11 வயதுச் சிறுமியும் அவள் தந்தையும் அதே போன்ற எலும்பின் துண்டுகளைக் கண்டார்கள். அவர்கள் அவற்றை வீட்டில் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்ளாமல் உடனே ஆய்வாளருக்குத் தெரிவித்தார்கள். அடுத்தடுத்துச் சென்று தேடியதில் மேலும் துண்டுகள் கிடைத்து ஒன்றோடொன்று பொருந்தின. இரண்டு இடங்களிலும் எலும்பு வந்தது ஒரே பாறைத் தொகுதியிலிருந்து என்று தெரிந்ததால்தான், அவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்ற முடிவுக்கு வலுக் கிடைத்தது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, 25 மீட்டர் வரை வளர்ந்திருக்கக்கூடும் என்று மதிப்பிடப்படும் அந்த இக்தியோசாருக்கு 2024-இல் 'இக்தியோடைட்டன்' என்ற பெயர் சூட்டப்பட்டது.

ஆகவே இத்தகைய கரைகளுக்குச் செல்லும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. கல்லைத் தொடுவதற்கு முன்பே, கிடந்த நிலையில், பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்துப் படம் எடுங்கள். பின்பு எல்லாப் பக்கங்களையும், முறிந்த முகம் இருந்தால் அதையும் தனியே எடுங்கள். கரையின் பெயர், நாள், பாறையின் தன்மை ஆகியவற்றை எழுதி அந்தக் கல்லோடு சேர்த்து வையுங்கள். அமிலம் ஊற்றிக் கழுவவே வேண்டாம். நல்ல தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாட்கள் ஊறவைத்தால் உப்பு இறங்கிவிடும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட்டாக மாறிய பொன்னிற அம்மோனைட்டுகளைப் பின்னர் நன்றாக உலர்த்தி ஈரம் படாமல் வைக்க வேண்டும். இல்லையெனில் பைரைட் காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து, புதைபடிவமே பொடியாகிவிடும். சரிவுப் பாறையில் பதிந்திருப்பதை எக்காரணம் கொண்டும் தோண்டாதீர்கள். பாறை தலைமேல் சரியும் ஆபத்து ஒருபுறம். அடுக்கில் இருந்த நிலையே அழிந்துபோகும் இழப்பு மறுபுறம். எடுக்க அனுமதி உண்டா என்பது கரைக்குக் கரை மாறுபடும். மேற்கு டார்செட்டில் கரையில் கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், அறிவியல் முக்கியத்துவம் உள்ளவற்றைச் சார்மவுத் பாரம்பரியக் கடற்கரை மையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. பொறுப்பான ஏற்பாடு என்று அதையே நான் கருதுகிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, கண்டெடுத்தவரிடம் இடத்தையும் அளவையும் கேட்டுப் பெற்றுப் படத்தோடு சேர்த்து அச்சிடுங்கள். அருங்காட்சியகத்தின் தொல்லுயிரியல் பிரிவோ நிலவியல் துறையோ பார்த்துச் சொல்லும் வரை 'முட்டை', 'டைனோசர்' போன்ற சொற்களைத் தலைப்பில் தவிர்த்து விடுங்கள். அவர்கள் சொன்ன விடை 'வெறும் கல்' என்பதாக இருந்தாலும், முதலில் படம் வந்த அதே பக்கத்தில் அதையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்