விடிந்ததும் முதலில் மணல் திட்டுகளைப் பாருங்கள்

மண்டபம் கடலோரக் காவல்படை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீலகிரியில் பந்தலூர் பக்கம் சேரம்பாடியிலிருந்து எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் இருப்பவனுக்குக் கடலில் என்ன வேலை என்று நினைக்கலாம். எங்கள் வீட்டுக் கதையே கடலைத் தாண்டித்தான் வந்தது. இலங்கையிலிருந்து படகில் வந்து, நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிடப்படுபவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் அப்பாயி இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் கொழுந்து பறித்தவர். 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவு செய்தார்களே, அந்தக் கணக்கில் வந்தவர். மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு அங்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். அப்புறம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடு. அழுதுகொண்டு வந்தார்தான், ஆனால் கையில் பாஸ்போர்ட் இருந்தது. கப்பலில் வாந்தி எடுத்ததைத் தவிர கடல்மீது அவருக்குப் புகார் இல்லை.

அந்தக் கப்பல் 1984-இல் நின்றுபோனது. அதே கடலை அதற்குப் பிறகு இருட்டில், படகுக்காரர் கேட்ட பணத்தைக் கொடுத்துத்தான் பலர் தாண்டினார்கள். போர்க்காலத்தில் உயிருக்குப் பயந்து வந்தார்கள். 2022-இல் இலங்கையில் பால்பவுடரும் அரிசியும் எட்டாத விலைக்குப் போனதால் வந்தார்கள். அந்த மார்ச் 22 அன்று வந்த 16 பேரில் 6 பேரை தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டிலிருந்து உங்கள் ஹோவர்கிராஃப்ட்தான் மீட்டது. அதில் கைக்குழந்தையும் இருந்தது. செய்தியைப் பார்த்த அப்பாயி, “ஏன், இவங்களுக்குக் கப்பல் விடலையா?” என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை.

படகுக்காரர் ஏன் திட்டில் இறக்குகிறார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடல் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இலங்கைக் கடற்படை, இந்தப் பக்கம் நீங்கள். மாட்டினால் படகு போய்விடும், ஜெயிலும் உண்டு. அதனால் “இந்தியா வந்தாச்சு, இறங்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார். ரோந்து கூடினால் ஆள் வருவது நிற்கும் என்பது கணக்கு. எனக்குத் தெரிந்து கூடுவது, கரைக்கு வராமலே இறக்கிவிடும் அவசரம்தான். நிழலும் குடிதண்ணீரும் இல்லாத மணலில் இரவெல்லாம் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பவருக்கு எந்த நாட்டுக் கடல் என்பது பெரிய விஷயமில்லை.

சொந்த மக்கள் கடல்வழியே தப்பிவிடாமல் இருக்க, பால்டிக் கரையில் எல்லைப்படையை நிறுத்தியது கிழக்கு ஜெர்மனி. உங்களை அந்த வரிசையில் வைக்கவில்லை. உங்கள் வேலையில் பாதி காவல், பாதி மீட்பு. எனக்கு அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

விடிகாலை ரோந்தைத் திட்டுகளிலிருந்து தொடங்குங்கள். படகில் தண்ணீரும் போர்வையும் பால்பவுடரும் இருக்கட்டும். தமிழ் பேசும் ஒரு பெண்ணும் கூட வரட்டும். முதல் கேள்வி “யார் அனுப்பினார்கள்?” என்று இருக்க வேண்டாம், விசாரணைக்குக் கரையில் நேரம் இருக்கிறது. மீனவர் யாராவது உங்கள் உதவி எண் 1554-க்குத் தகவல் சொன்னால், அவரையே குடைந்து குடைந்து கேட்காதீர்கள். ஒருமுறை அலைய விட்டால் போதும், அடுத்தமுறை திட்டில் ஆள் நிற்பதைப் பார்த்தாலும் பார்க்காதது மாதிரிப் போய்விடுவார்.

இப்படிக்கு,
சேரம்பாடியிலிருந்து, கப்பலில் வந்தவரின் பேரன்