குளியலறைக் கதவையும் அளந்து சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைப்பது பற்றிப் பலரும் பேசுகிறார்கள். என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லவேண்டும்.

ரொறன்ரோவில் இருக்கும் அக்கா கடந்த மாதம் வந்து ஐந்து நாள் நின்றார். பாரிசவாதத்துக்குப் பிறகு நாலு வருடமாக அவருக்கு வீல்செயார்தான். எங்கள் வீட்டு வாசலிலேயே மூன்று படி. அதனால் நகரில் ஒரு விடுதி பார்த்தோம். முன்கூட்டியே போன் எடுத்துக் கேட்டேன். "ஓம் அக்கா, கீழ்த்தட்டுத்தான், ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்கள். அறை கீழ்த்தட்டில்தான் இருந்தது. ஆனால் குளியலறைக் கதவு இரண்டடி, வீல்செயார் இரண்டேகாலடி! பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை உள்ளே போட்டு, வாசலில் வைத்து அக்காவை அதற்கு மாற்றி, ஐந்து நாளும் அப்படியே சமாளித்தோம். அவர்கள் பொய் சொன்னதாக நான் சொல்லமாட்டேன். படியை யோசித்தார்கள், கதவை யோசிக்கவில்லை.

நூலகத்தின் முன்னால் நின்று படம் எடுத்தோம். 1981இல் அது எரிந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது. கோட்டைக்குள் போனோம். கொத்தளத்தில் ஏறினால்தான் கடலேரி வடிவாகத் தெரியும். "நீங்கள் போட்டு வாங்கோ" என்று அக்கா கீழே நிழலில் இருந்துவிட்டார். சரி, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டையோடு சண்டை பிடிக்க முடியாது. நேற்றுக் கட்டிய சாப்பாட்டுக் கடைக்கு என்ன சாட்டு? வாசலில் சாய்வு போட்டிருக்கிறார்கள்தான், அது மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அங்கே இரண்டடிகூட இல்லை.

நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவானில் நாலு பொடியன்கள் அக்காவைக் கதிரையோடு தூக்கிப் படகில் இறக்கினார்கள். காசு கொடுத்தும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா மெல்லச் சொன்னார்: "நல்ல பிள்ளையள்தான். ஆனா காலமை துவக்கம் நான் ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை. மலசலகூடத்துக்குப் போகவேண்டி வந்தா அங்கையும் ஆரைத் தூக்கச் சொல்லுறது?" எனக்குப் பேச்சே வரவில்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென்றே 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006இல் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் வந்தன. 2016இல் இதே உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. விடுதிக்காரரிடம் நான் கேட்பது அதைவிடச் சின்ன விடயம். வாசலில் எத்தனை படி, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம், பிடித்து எழும்பக் கைபிடி உண்டா? இணையத்தில் அறைப் படங்களைப் போடும்போது இதையும் எழுதிவிடுங்கள். துவாயில் மடித்த அன்னத்தை நாலு கோணத்தில் படம் எடுக்கிறீர்கள், குளியலறைக் கதவையும் ஒன்று எடுங்களேன்.

அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வர அக்காவுக்கு ஆசை. இருபத்தைந்து நாளும் வேண்டாமாம், தேருக்கும் தீர்த்தத்துக்கும் நின்றால் போதுமாம். வீதி மணலில் சக்கரம் புதையும் என்று தெரிந்துதான் கேட்கிறார். நானும் அளவு நாடாவோடு விடுதி தேடத் தொடங்கிவிட்டேன். இதுவரை மூன்று பார்த்தாயிற்று. ஒன்றில் கதவு 32 அங்குலம், தாராளம். வாசலில் நாலு படி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொக்குவில்.